மொழி நிரலகங்களில் தமிழ் எழுத்து

மனித மொழியில் உள்ள உரையை எழுத்து, சொல், வாக்கியம் என்று பிரிக்கவும், சொல்லின் அடியைக் காணவும், இலக்கண உறவுகளைக் குறிக்கவும் உதவும் நிரல்களை எழுதிச் சோதித்துத் தொகுத்து வைத்ததே மொழி நிரலகம். நிரலர்கள் பேச்சில் இது லைப்ரரி. செய்தித்தளத்தின் தேடல் பெட்டி, கைபேசி விசைப்பலகையின் சொல் பரிந்துரை, பிழைதிருத்தி, மொழிபெயர்ப்புச் செயலி எல்லாவற்றுக்கும் அடியில் இப்படிச் சில நிரலகங்கள் இருக்கும். அவற்றுள் பெரும்பகுதி திறமூலம். மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குத் தரலாம். ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு இந்த உரிமையால் செலவு மிச்சமாகிறது. தமிழில் வேலை செய்பவருக்கோ இது இல்லாமல் வேலையே நடக்காது. தமிழ் உரை கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இந்த நிரலகங்களின் ஆழத்தில், எழுத்து என்றால் என்ன என்று யாரோ எப்போதோ எடுத்த முடிவில், ஒற்றை வரியில் இருக்கின்றன. அந்த வரியைத் திறந்து பார்க்க முடிந்தால்தான் திருத்த முடியும்.

இந்தத் துறையில் பரவலாகப் பயன்பட்ட முதல் பைதான் நிரலகம் என்எல்டிகே. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பேர்டும் எட்வர்டு லோப்பரும் 2001இல் பாடம் நடத்துவதற்காகத் தொடங்கியது. 2009இல் அதற்கான பாடநூல் வந்த பிறகு, மொழித் தொழில்நுட்பம் கற்க வந்த ஒரு தலைமுறையே அதன் வழியாகத்தான் வந்தது. அதில் இந்திய மொழிகளுக்கான சொல்வகைக் குறியிட்ட சிறு தொகுப்பு ஒன்று உண்டு. வங்காளம், இந்தி, மராத்தி, தெலுங்கு ஆகிய நான்கும் இருக்கும் அந்தத் தொகுப்பில் தமிழ் இல்லை. 2015இல் மேத்யூ ஹொன்னிபல் வெளியிட்ட ஸ்பேசி, பாடத்துக்காக அல்லாமல் தொழிற்பயன்பாட்டுக்கென்றே வேகத்தை முன்வைத்து எழுதப்பட்டது. அதில் தமிழுக்கென ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் நிறுத்தச் சொற்களும் எண்ணுப்பெயர்களும் சில எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உள்ளன. இவை ஆர்வலர்கள் சேர்த்தவை. ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் 2018இன் இறுதியில் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிரலகம் பெரிய மொழி மாதிரிகளை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. இப்படித் தலைமுறை மாறினாலும், ஒரு தலைமுறையில் நடந்த எழுத்துப் பிழை அடுத்த தலைமுறையில் வேறு உருவில் திரும்ப வந்திருக்கிறது.

தமிழ் உரையோடு பழகியவர்கள் புதிய நிரலகம் ஒன்றை நிறுவியதும், விளக்கக் குறிப்பைப் படிப்பதற்கு முன்பே ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து என்ன திரும்பி வருகிறது என்று பார்ப்பது வழக்கம். மூன்றெழுத்துச் சொல் அது. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். பைதான் 2இல் சாதாரணச் சரமாக இட்டு நீளம் கேட்டால் 15 என்றது. பைதான் 3 ஐந்து என்கிறது. பள்ளிப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பைதான் 2இன் ஆதரவு 2020இன் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது தமிழ் நிரலர்களுக்குப் பெரிய நிம்மதி. பைட்டையும் எழுத்தையும் குழப்பிக்கொள்ளும் பிழைகள் அதோடு பெரும்பாலும் ஒழிந்தன. குறியீட்டையும் எழுத்தையும் குழப்பிக்கொள்ளும் பிழைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. இதே சொல்லைப் பைதான் 3இல் திருப்பிப் போட்டால் ‘ழ்மித’ வராது. புள்ளி முதலில் தனியே நிற்கும். இகரக் குறி ழகரத்தில் ஏறிக்கொள்ளும். மகரமும் தகரமும் வெறுமையாக நிற்கும்.

இதற்குக் காரணம் யூனிகோட் தரும் வகைப்பாடு. க, த, ழ போன்றவை அதில் ‘எழுத்து’ என்ற வகை. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகை. வகைப்பாட்டில் தவறில்லை, குறிகள் தனியே நிற்காதவை என்பதைத்தான் அது சொல்கிறது. அதைப் படிக்கும் நிரல், எழுத்து வகையை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொண்டு குறி வகையை வெளியே தள்ளும்போதுதான் சேதம் நேர்கிறது. பைதானின் உள்ளமைந்த தேடுகோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) பகுதியில், பின்சாய்வுக்கோட்டை அடுத்து டபிள்யூ எழுதினால் ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்று பொருள். சொற்களைப் பிரிக்க உலகமெங்கும் நிரலர்கள் கைப்பழக்கமாக எழுதுவது இதைத்தான். ‘தமிழ்’ என்ற சொல்லை இதனிடம் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகள் வரும். இகரக் குறியும் புள்ளியும் காற்புள்ளியைப் போல எல்லையாகக் கருதப்பட்டு மறைந்துவிடும். இந்தக் குறை 2007லேயே பைதானின் பிழைப்பட்டியலில் பதிவானது. மேத்யூ பார்னெட் எழுதிய ரீஜெக்ஸ் என்ற தனி நிரலகம் யூனிகோடின் பரிந்துரைப்படி குறிகளையும் சொல்லோடு சேர்க்கிறது. தமிழில் வேலை செய்பவர் உள்ளமைந்ததை விட்டுவிட்டு முதல் நாளிலேயே ரீஜெக்ஸுக்கு மாறிவிடுவது நல்லது.

இந்த ஒற்றை வரி எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதற்கு சைக்கிட்-லேர்ன் தக்க எடுத்துக்காட்டு. உரைகளை வகைப்படுத்தப் பழகும் எவரும் முதலில் எடுப்பது இந்த நிரலகத்தின் சொல்லெண்ணியைத்தான். அதன் இயல்புநிலை விதி, குறைந்தது இரண்டு எழுத்துகள் தொடர்ந்து வந்தால் அதைச் சொல் என்று கொள்வது. தமிழில் குறிகள் எல்லையாகிவிடுவதால், ‘தமிழ்’ கொடுத்தால் ‘தம’ மட்டும் மிஞ்சும்; ஒற்றையாக நிற்கும் ‘ழ’ கழிக்கப்படும். ‘நீதிமன்றம்’ கொடுத்தால் முதல் இரண்டு எழுத்துகளும் போய், ‘மன’ என்று ஒன்று எஞ்சும். அடுத்து வரும் ‘றம’ இன்னொன்று. ‘மனம்’ என்ற சொல்லிலிருந்து ‘மனம’ வரும் என்பதால் இரண்டும் ஓரளவு வேறுபடும். ஆனால் ‘மனிதன்’ என்பதிலிருந்தும் அதே ‘மன’ கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் ஓடும், எண்கள் வரும், வகைப்படுத்தலின் துல்லியம் ஏதோ ஓர் அளவில் நிற்கும். தமிழுக்கு இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று ஆய்வு மாணவர் எழுதி முடித்துவிடுவார். இந்தத் துறையில் மிகவும் வருந்தத்தக்க இழப்பு இதுதான். மொழியின் சிக்கல் என்று பதிவாகும் எத்தனையோ முடிவுகளுக்கு அடியில் சொற்பிரிப்பு விதி ஒன்றை மாற்றாத குறை இருக்கக்கூடும். அந்த விதியை மாற்றுவது ஒரு வரி வேலை. நிரலகமே அதற்கு இடம் கொடுக்கிறது.

இணையப் படிவங்களிலும் இதே கதை. பெயரில் எழுத்து மட்டுமே இருக்கிறதா என்று சரிபார்க்கப் பைதானின் இஸ்ஆல்ஃபா செயற்கூற்றைப் பயன்படுத்தினால், ‘கமலா’ என்ற பெயர் நிராகரிக்கப்படும். காரணம் அந்தப் பெயரின் கடைசியில் உள்ள கால்.

எழுத்தைச் சரியாகப் பிரித்த பிறகு, ஒரே எழுத்து ஒரே குறியீடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். இந்த வகைக்கு யூனிகோடே வழி வைத்திருக்கிறது. என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். எந்தத் தமிழ் உரையும் உள்ளே வந்தவுடன் முதலில் என்எஃப்சி செய்யப்பட வேண்டும். அதோடு தீராதவை சில உண்டு. ‘ஔவை’ என்று எழுத ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியவர்கள் ஏராளம். யூனிகோட் பார்வையில் அவை தொடர்பில்லாத இரண்டு எழுத்துகள், ஆகவே இயல்பாக்கம் அவற்றைத் தொடாது. ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கி எழுதப்பட்டதும் உண்டு. 2005இல் யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவதும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ‘ஸ்ரீரங்கம்’ தேடுபவருக்குப் பாதிச் செய்திகள் கிடைக்காமல் போவதற்கு இது போதும். வலைப்பக்கங்களிலிருந்து எடுத்த உரையில் சொல்லின் நடுவே அகலமில்லா இடைவெளிக் குறிகளும் ஒளிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் தமிழ் அறிந்தவர் கையால் எழுதிய மாற்றுப் பட்டியல்தான் வழி. அப்படிப்பட்ட பட்டியலை ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்வதைவிட, ஏதேனும் ஒரு திறமூல நிரலகத்தில் சேர்த்துவிடுவது அடுத்து வருபவருக்குச் செய்யும் பெரிய உதவி.

யூனிகோடுக்கு முந்திய உரைகள் இன்னொரு உலகம். டிஸ்கி, தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற டாம், டாப், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய பாமினி என்று ஒவ்வொன்றும் ஒரு குறியாக்கம். பாமினியில் தட்டிய ‘தமிழ்’, எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் புள்ளி. உரையை மாற்றுவதற்கு முன்பே சொற்பிரிப்பானிடம் கொடுத்தால், நிறுத்தக்குறி என்று அதைக் கழித்துவிடும். பழைய குறியாக்கங்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் பின்னால் வரவேண்டும். எனவே மாற்றி வெறும் பதிலீட்டுப் பட்டியலாக இருந்தால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். ‘கொ’வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து கிடப்பதை ஒன்று சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் இன்னும் இந்தக் குறியாக்கங்களில் வட்டுகளில் கிடக்கின்றன.

தமிழுக்கென்றே எழுதப்பட்ட நிரலகங்களில் முன்னோடி ஓப்பன்-தமிழ். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை 2013இல் தொடங்கி, பலரும் சேர்ந்து வளர்த்தது. எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. அதன் பெரும்பயன் கெட்-லெட்டர்ஸ் என்ற ஒரு சிறு செயற்கூறு. ‘தமிழ்’ கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்று எழுத்துகளைத் திருப்பித் தரும். பார்க்க எளிது, ஆனால் குறுக்கெழுத்து விளையாட்டு, யாப்பு ஆராய்ச்சி, பிழைதிருத்தி, எழுத்து எண்ணிக்கை என்று எதைச் செய்தாலும் இதிலிருந்துதான் தொடங்க முடியும். உயிர், மெய், உயிர்மெய் என்று வகை காண்பதும், வல்லினம் மெல்லினம் இடையினம் பிரிப்பதும், இருபதுக்கும் மேற்பட்ட பழைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவதும், சொல்திருத்தி என்ற பிழைதிருத்தியும் அதே தொகுப்பில் உள்ளன.

அகரவரிசையும் தனிக் கவனம் கேட்பது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது. தமிழ் அகராதியில் இரண்டும் கடைசியில் வருபவை. பைதானிடம் ‘பம்பரம்’, ‘பனை’ இரண்டையும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் ‘பனை’யை முன்னால் வைக்கும். அகராதியில் ‘பம்பரம்’தான் முன். மெய்யெழுத்தும் இடம் மாறும். புள்ளியின் குறியீடு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், ‘க்’ என்பது ‘கௌ’வுக்கு அடுத்துப் போய் விழும். 1999இல் ஐபிஎம் திறமூலமாக்கி, 2016 முதல் யூனிகோட் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்கும் ஐசியு நிரலகத்தில் தமிழ் வரிசை விதி சரியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு உட்படப் பெரிய அமைப்புகள் பலவற்றுக்குள்ளும் ஐசியு ஏற்கெனவே இருக்கிறது. அதை அழைக்க வேண்டியதுதான் பாக்கி.

வாக்கியம் பிரிப்பதில் தமிழுக்குத் தலைப்பெழுத்துதான் தடை. ‘மு. வரதராசன் எழுதிய நாவல்’ என்றால், ஆங்கிலத்துக்கு எழுதிய பிரிப்பான் ‘மு.’ என்பதோடு வாக்கியத்தை முடித்துவிடும். ரூ., கி.மீ., தி.மு.க., எம்.ஜி.ஆர். எல்லாம் அதே வகை. என்எல்டிகேயில் உள்ள பங்க்ட் என்ற பிரிப்பான், சுருக்கங்களை உரையிலிருந்து தானே கற்கும் அருமையான முறை. கிஸ், ஸ்ட்ரங்க் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. அது அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்பதையும் சான்றாகப் பார்க்கும். தமிழில் அந்தச் சான்று கிடையாது. ஆளின் பெயர் கண்டறிவதிலும் அதே இல்லாமை. மணி, மலர், வெற்றி, அன்பு எல்லாம் பெயராகவும் இருக்கலாம், பொதுச் சொல்லாகவும் இருக்கலாம். எனவே தமிழ் வாக்கியப் பிரிப்புக்கு, புள்ளிக்கு முன் ஓரெழுத்தோ அறிந்த சுருக்கமோ இருந்தால் நிற்காமல் கடந்து போ என்ற எளிய விதியும் நல்லதொரு சுருக்கப் பட்டியலும் பெரிய கற்றல் முறைகளைவிட நன்றாக வேலை செய்கின்றன.

சொல்லுக்கு வந்தால் முதலில் எதிர்ப்படுவது வலி மிகுதல். ‘பூவைப் பார்த்தான்’, ‘பூவைக் கொடுத்தான்’, ‘பூவைத் தொடுத்தாள்’, ‘பூவை வாங்கினாள்’. எண்ணியின் கணக்கில் இவை நான்கு வேறு சொற்கள். தேடல் அட்டவணையிலும் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். க், ச், த், ப் ஆகியவற்றில் தமிழ்ச்சொல் இயல்பாக முடிவதில்லை என்பதால், அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கினால் இறுதி ஒற்றை நீக்கிவிடலாம் என்று விதி எழுதலாம். மிக நல்ல விதி. அட்டவணையின் அளவைக் கண்கூடாகக் குறைக்கும். ஆனால் இன்றைய செய்தித்தாளில் ‘பேஸ்புக் கணக்கு’ என்று ஒரு தொடர் வரும். விதி அதை ‘பேஸ்பு கணக்கு’ ஆக்கிவிடும். ‘ஜீப் பயணம்’, ‘லாரி ஷாக் கொடுத்தது’ என்று பிறமொழிச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே விதியோடு விலக்குப் பட்டியலும் வேண்டும். அந்தப் பட்டியல் என்றும் முடிவதில்லை. மொழி நிரலகத்தைப் பராமரிப்பது என்பதன் பெரும்பகுதி இப்படிப்பட்ட பட்டியல்களைப் பராமரிப்பதுதான். கற்றுத் தேர்ந்த பொறியாளர்கள் பலர் இதைத் தாழ்ந்த வேலை என்று ஒதுக்குவதுண்டு. பயனர் கண்ணில் படும் தரத்தைத் தீர்மானிப்பது இந்த வேலையே.

அடுத்தது விகுதி நீக்கம். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் போர்ட்டர் 1980இல் ஆங்கிலத்துக்கு எழுதிய விகுதி நீக்கி தேடுபொறிகளின் அடிப்படைக் கருவியாயிற்று. பிற்பாடு இப்படிப்பட்ட விதிகளை எழுதுவதற்கென்றே ஸ்னோபால் என்ற சிறுமொழியை அவர் உருவாக்கினார். 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. விகுதிகளை வலமிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போகும் முறை இது. ‘வீடுகளிலிருந்துதான்’ என்பதில் தான், இருந்து, இல், கள் என்று கழித்தால் ‘வீடு’ கிடைக்கும். ‘வீட்டை’ என்பதில் ஐ-யைக் கழித்தால் ‘வீட்ட்’ நிற்கும். அது வீடுதான் என்று தெரிய வெட்டுவது மட்டும் போதாது. ‘மரத்தை’, ‘மரங்கள்’, ‘மரம்’ மூன்றும் ஒன்று என்று காணவும் அப்படியே. தேடலுக்கு விகுதி நீக்கி போதும். வேகமாக இருக்கும், சற்றுப் பிழைத்தாலும் தேடுபவருக்குக் கூடுதலாகச் சில முடிவுகள் வரும், அவ்வளவுதான். பிழைதிருத்திக்கும் மொழிபெயர்ப்புக்கும் போதாது.

அங்கே உருபன் பகுப்பாய்வி வேண்டும். இலங்கையைச் சேர்ந்த க. சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸ், ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோர் உருவாக்கிய தமிழிமார்ஃப் இந்த வகையில் திறமூலமாகக் கிடைக்கும் சிறந்த வேலை. அது மான்ஸ் ஹுல்டன் எழுதிய ஃபோமா என்ற திறமூலக் கருவியின் மேல் நிற்கிறது. நிலை மாற்றிகள் என்னும் முறை அது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எந்த எழுத்தைப் படித்தால் போகலாம், போகும்போது எந்த இலக்கணக் குறிப்பை எழுத வேண்டும் என்று விதிகள் இருக்கும். வினையடி, அதன் வகை, காலம் காட்டும் இடைநிலை, விகுதி என்று நன்னூல் கற்றவருக்குப் பழகிய பாதையிலேயே நிரலும் நடக்கும். இந்த முறைக்கு இன்னொரு சிறப்பு, அதை இரண்டு பக்கமும் ஓட்டலாம். ‘படித்தான்’ கொடுத்தால் அடி, காலம், எண், பால் கிடைக்கும். அவற்றைக் கொடுத்தால் ‘படித்தான்’ உருவாகி வரும். பிழைதிருத்திக்குத் தேவைப்படும் சொல்லாக்கம் இதனால் கூடவே கிடைக்கிறது. பெரிய கணினி வேண்டாம், பயிற்சித் தரவு வேண்டாம், தவறு நேர்ந்தால் எந்த விதியால் நேர்ந்தது என்று காட்டவும் முடியும். மொழியியல், நிரல் இரண்டும் அறிந்த ஆட்கள் வேண்டும், அதுதான் அரிது.

தொடர் இலக்கணத்துக்குத் தரவு தேவை. யுனிவர்சல் டிபென்டன்சீஸ் என்ற பன்னாட்டுத் திட்டம் பல மொழிகளின் வாக்கியங்களை ஒரே முறையில் குறியிட்டு வைக்கிறது. அதில் உள்ள டிடிபி என்ற தமிழ்த் தொகுப்பு, செக் நாட்டின் ப்ராக் நகரில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. செய்தித்தாள் நடையில் 600 வாக்கியங்கள். மற்றொன்று தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூலில் உள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டு அமைந்த 534 வாக்கியங்கள். ஆங்கிலத்தின் ஒரு தொகுப்பில் மட்டும் 16,000க்கு மேல் உள்ளன. ஸ்டான்ஃபோர்டு 2020இல் வெளியிட்ட ஸ்டான்சா நிரலகம் தமிழுக்கும் பகுப்பான் தருகிறது என்றால், அது கற்றது அந்த 600 வாக்கியங்களில் பயிற்சிக்கு ஒதுக்கிய பகுதியிலிருந்து. கவிதையையோ, பேச்சு வழக்கையோ, சமையல் குறிப்பையோ அதனிடம் கொடுத்து நல்ல விடை எதிர்பார்ப்பது நியாயமல்ல. நிரலகத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் தரவுப் பக்கத்தைத் திறந்து வாக்கிய எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். குறியிட்ட வாக்கியங்களை இன்னும் சில ஆயிரம் சேர்ப்பது இன்று தமிழுக்குச் செய்யத்தக்க பணிகளில் முதன்மையானது. தமிழ்த் துறைகளில் இலக்கணம் கற்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தப் பணி அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

சொல்லுக்குள்ளிருக்கும் துண்டுகளைக் கொண்டு கற்கும் முறைகள் வந்தது ஒட்டு நிறைந்த தமிழுக்கு நல்வரவு. ஃபேஸ்புக் 2016இல் வெளியிட்ட ஃபாஸ்ட்டெக்ஸ்ட், ஒரு சொல்லைச் சிறு எழுத்துத் தொடர்களாக உடைத்து அவற்றின் கூட்டாகப் பொருளைக் காண்கிறது. கண்டிராத ‘பேருந்துகளுக்காகவும்’ வந்தாலும் பேருந்தோடு அதன் உறவு தெரிந்துவிடும். 2018இல் தமிழ் உட்பட 157 மொழிகளுக்கு சொற்களை எண்வரிசைகளாகக் காட்டும் ஆயத்தச் சொற்திசையன்களும் வந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் தொடரின் நீளம் குறியீட்டுக் கணக்கு. ‘மிழ்’ என்ற இரண்டெழுத்துக்கே நான்கு குறியீடுகள் செலவாகும். ஆங்கிலத்துக்கு வைத்த 3 முதல் 6 வரை என்ற இயல்புநிலை தமிழுக்குச் சிறிது. கூட்டி வைத்துப் பயிற்றுவது பலன் தரும்.

பெரிய மாதிரிகளின் காலத்தில் பழைய எழுத்துப் பிழை திரும்பி வந்தது. கூகுள் 2018இல் வெளியிட்ட பன்மொழி பெர்ட் மாதிரிகளில் ஒன்று, எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கும் வகை. சிற்றெழுத்தாக்கும்போது ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறிகளையும் நீக்கும் படி ஒன்று அதில் உண்டு. அதற்கு அது பயன்படுத்துவது யூனிகோடின் இடம்பிடிக்காக் குறி என்ற உள்வகை. தமிழில் அந்த உள்வகையில் இருப்பவை ஈகாரக் குறியும் புள்ளியும். விளைவு, ‘நீர்’ உள்ளே போனால் ‘நர’ ஆகும். ‘தீ’ வெறும் ‘த’ ஆகும். ‘கல்’லும் ‘கல’வும் ஒன்றாகும். எழுத்து வடிவை மாற்றாத இன்னொரு வகையைத்தான் அதன் ஆசிரியர்களே பரிந்துரைத்தார்கள். இருந்தும் பெயரைப் பார்த்து முதலாவதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் உண்டு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இன்டிக்பெர்ட்டைப் பயன்படுத்தும்போது, ஒலிக்குறிகளை வைத்திரு என்ற விருப்பத்தை வெளிப்படையாக இட வேண்டும் என்று குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அடியில் உள்ள பொது நிரலகத்தின் இயல்புநிலை புள்ளியைக் கழித்துவிடும் என்பதே காரணம். இந்த வரியைக் கவனிக்காமல் விட்டால் மெய்யெழுத்தே இல்லாத தமிழை மாதிரி படித்துக்கொண்டிருக்கும்.

உரையாக்கும் மாதிரிகளிலும் இப்படியே. 2019இல் வெளியான ஜிபிடி-2இன் நிரலில், உரையைத் துண்டாக்கும் முதற்படி எழுத்து வகையை மட்டும் ஒன்று சேர்க்கும். ‘தமிழ்’ அங்கே தம, இகரக் குறி, ழ, புள்ளி என்று நான்காகும். குறிகள் நிறுத்தக்குறிகளோடு வைத்து எண்ணப்படும். அடுத்து டிக்டோக்கன் நிரலகத்தில் வந்த ஒரு வகையில், குறி தனக்குப் பின்னால் வரும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. மகரத்தின் இகரக் குறி ழகரத்துக்கு முன்னொட்டானது. 2024இல் அதே நிரலகத்தில் சேர்ந்த புதிய துண்டாக்கியில் குறி வகை எழுத்து வகையோடு சேர்க்கப்பட்டது. ‘தமிழ்’ முதற்படியில் உடையாமல் ஒரே சொல்லாக நிற்கிறது. துண்டுகள் குறைந்தால் செலவு குறையும், அதே நினைவளவில் நீண்ட உரை கொள்ளும், மாதிரி சொல்லைச் சொல்லாகவே கற்கும். இந்த மாற்றத்துக்குக் காரணம் தேடுகோவையில் சேர்ந்த சில குறியீடுகள்தான். கூகுளின் டாக்கு குடோவும் ஜான் ரிச்சர்ட்சனும் 2018இல் வெளியிட்ட சென்டென்ஸ்பீஸ், சொல்லெல்லையை முன்கூட்டியே முடிவு செய்யாமல் இடைவெளியையும் ஒரு குறியாகவே எடுத்துக்கொள்வதால், தமிழுக்குத் தொடக்கம் முதலே பொருத்தமாக இருந்தது.

உரிமத்தில் நிரலையும் தரவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என்எல்டிகே, ஸ்டான்சா அப்பாச்சி உரிமம். ஸ்பேசி எம்ஐடி உரிமம். வணிக நிறுவனங்களும் தயங்காமல் எடுக்கலாம். அவற்றில் ஏற்றும் மாதிரி எந்தத் தரவில் பயின்றதோ அதன் உரிமம் வேறாக இருக்கலாம். மேலே சொன்ன டிடிபி தொகுப்பு வணிகப் பயனை விலக்கும் உரிமத்தில் உள்ளது. விக்கிப்பீடியா உரையை எடுத்தால் மூலத்தைக் குறிப்பிடுவதோடு, அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். அச்சு அகராதி ஒன்றிலிருந்து சொற்பட்டியலை எடுத்து நிரலகத்தில் சேர்ப்பது பதிப்புரிமைச் சிக்கலில் முடியும். எந்தத் தரவு எந்த உரிமத்தில் வந்தது என்று திட்டம் தொடங்கும் நாளில் ஒரு கோப்பில் எழுதி வைத்தால் பின்னால் தொல்லை இருக்காது.

தமிழ் நிரலகங்களைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் வேறு வேலையில் இருந்துகொண்டு இரவிலும் விடுமுறையிலும் இதைச் செய்பவர்கள். ஒருவர் ஒதுங்கினால் வளர்ச்சி நின்றுவிடக்கூடும். பெரிய நிறுவனத்தின் கை இருப்பதும் உறுதியல்ல. ஃபாஸ்ட்டெக்ஸ்டின் களஞ்சியம் 2024 மார்ச்சில் படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டது. மூலநிரல் வெளியில் இருப்பதால் அதைப் பிரதியெடுத்து வேறொருவர் தொடரலாம். எந்த நிரலகமானாலும் அதன் பதிப்பு எண்ணைத் திட்டக் கோப்பில் குறித்து நிறுத்துவதும், ‘தமிழ்’, ‘கொக்கு’, ‘ஔவை’, ‘ஸ்ரீரங்கம்’, ‘நீர்’, ‘மு. வரதராசன்’ போன்ற சோதனைச் சொற்களை ஒரு கோப்பாக வைத்துப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஓட்டிப் பார்ப்பதும் இந்தத் தொழிலின் அன்றாட ஒழுங்கு.

பிழை கண்டால் மூல நிரலகத்துக்கே முறையீடு அனுப்ப வேண்டும். தன் கணினியில் மட்டும் திருத்திக்கொண்டால் அடுத்தவர் அதே குழியில் விழுவார். முறையீட்டில் மிகச் சிறிய உள்ளீடு, வந்த விடை, வரவேண்டிய விடை, பதிப்பு எண் நான்கும் இருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோட் பெயரையும் வகையையும் சேர்த்து எழுதினால் அவர் சொல்லின் பொருள் தெரியாமலே பிழையைப் பார்த்துவிடுவார். தமிழுக்கென்று தனி விதி கேட்கும் முறையீடு நெடுநாள் கிடப்பில் கிடக்கும். குறி வகையை எழுத்து வகையோடு சேர்க்கக் கேட்டு, சோதனைகளையும் தானே எழுதி இணைத்த முறையீடு ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். அந்த ஒரு திருத்தம் தேவநாகரி, வங்காளம், மலையாளம், தாய், கெமர் எழுத்துகளுக்கும் அப்படியே பயன்படும்.